அந்தக் கதாபாத்திரம் ஏன் அப்படிச் செய்தது? நாடகத்திலும் சிறுகதையிலும் நோக்கத்தைத் தேடிப் படிப்பது

பள்ளிக்கூடத்தில் "பாத்திரப் படைப்பை விளக்குக" என்று ஒரு கேள்வி வரும். நாமும் அன்பானவர், பொறுமைசாலி, நேர்மையானவர் என்று குணங்களை வரிசையாக எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவோம். அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தோடு ஒரு நல்ல சிறுகதைக்குள் போனால் பாதியிலேயே வழி அடைபட்டுவிடும். ஒரு பெண் முப்பது வருஷம் பொறுமையாக இருந்தாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ராத்திரி, தூங்கிக்கொண்டிருந்த கணவனின் கழுத்தில் கயிற்றைப் போட்டு இறுக்கிவிட்டாள். இப்போது "பொறுமைசாலி" என்ற விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்த இடத்தில்தான் நோக்கம் என்ற விஷயம் தேவைப்படுகிறது. ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதைக் குணம் சொல்லும். அவரை நகர்த்துவது எது என்பதை நோக்கம் சொல்லும். படிக்கும்போது மனதில் வைத்துக்கொள்ள எளிய கேள்விகள் இவ்வளவுதான்: இந்த ஆளுக்கு இப்போது என்ன வேண்டும்? எது குறுக்கே நிற்கிறது? அதற்காக எதை இழக்கத் துணிகிறார்? "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கதாபாத்திரத்தையே கேட்டால் அதற்குப் பதில் தெரியாமல்கூட இருக்கலாம். நிஜ மனிதர்களும் அப்படித்தானே.

இதைப் பழகிக்கொள்ள நான் எப்போதும் பரிந்துரைப்பது அமெரிக்க எழுத்தாளர் சூசன் கிளாஸ்பெல் எழுதிய ஓரங்க நாடகம். பெயர் 'ட்ரைஃபிள்ஸ்', அதாவது 'அற்ப விஷயங்கள்'. 1916இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ப்ராவின்ஸ்டவுனில், கடலோரத்தில் இருந்த ஒரு சின்ன அரங்கில் முதலில் மேடையேறியது. அடுத்த ஆண்டே அதே விஷயத்தை 'எ ஜூரி ஆஃப் ஹர் பியர்ஸ்' ('அவளுக்குச் சமமானவர்களின் ஜூரி') என்ற பெயரில் சிறுகதையாகவும் எழுதினார். ஒரே சம்பவம், ஒரே மனிதர்கள், இரண்டு வடிவங்கள். அதோடு கதை முழுக்க ஒரு கொலைக்கான நோக்கத்தைத் தேடுவதுதான். தொடக்க வாசகருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இதற்குப் பின்னால் ஒரு நிஜ வழக்கு உண்டு. 1900 டிசம்பரில் அயோவா மாநிலத்தில் ஜான் ஹோசாக் என்ற விவசாயி படுக்கையில் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவி மார்கரெட் மீது வழக்கு நடந்தது. முதல் விசாரணையில் குற்றவாளி என்று தீர்ப்பு, மேல் நீதிமன்றத்தில் அது ரத்து, மறு விசாரணையில் ஜூரிகள் (தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்படும் பொதுமக்கள் குழுவினர்) ஒருமித்த முடிவுக்கே வரவில்லை. அந்த வழக்கைச் செய்தித்தாளுக்கு எழுதிய இளம் நிருபர்தான் கிளாஸ்பெல். சுமார் பதினைந்து வருஷம் கழித்து அதை நாடகமாக்கியபோது கோடரியை எடுத்துவிட்டுக் கயிற்றை வைத்தார். ஏன் கயிறு என்பதற்குப் பிறகு வருகிறேன். அந்த ஒரு மாற்றத்தில் பாதி நாடகம் இருக்கிறது.

கதை இதுதான். கடுங்குளிர் காலம். ஜான் ரைட் என்ற விவசாயி கழுத்து இறுக்கப்பட்டு இறந்துகிடக்கிறார். மனைவி மின்னி சிறையில். அரசு வழக்கறிஞர், ஷெரீஃப் (வட்டாரக் காவல் அதிகாரி) பீட்டர்ஸ், பக்கத்துப் பண்ணைக்காரர் ஹேல் ஆகிய மூன்று ஆண்களும் தடயம் தேடி அந்த வீட்டுக்கு வருகிறார்கள். ஷெரீஃபின் மனைவியும் ஹேலின் மனைவியும் கூட வருகிறார்கள். சிறையில் இருப்பவளுக்குச் சில துணிமணிகளை எடுத்துப்போகத்தான் அவர்கள் வந்தது. ஆண்கள் சமையலறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இங்கே சமையல் சாமான்களைத் தவிர ஒன்றுமில்லை என்று மாடிக்கும் தொழுவத்துக்கும் போய்விடுகிறார்கள். பெண்கள் சமையலறையிலேயே இருக்கிறார்கள். வழக்கறிஞருக்கு எல்லாம் தெளிவாக இருக்கிறது, ஒன்றைத் தவிர. ஏன் கொன்றாள் என்பது மட்டும் கிடைக்கவில்லை. அது கிடைக்காவிட்டால் ஜூரிகள் விட்டுவிடக்கூடும். மின்னி கடைசிவரை மேடைக்கே வருவதில்லை. கண்ணிலேயே படாத ஒருத்தியின் மனதைத்தான் நாம் படிக்க வேண்டும்.

பேச்சை மட்டும் நம்பினால்

முதல் தகவல் ஹேலின் வாக்குமூலம். அவர் டெலிபோன் இணைப்பு பற்றிப் பேசப் போனபோது மின்னி ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து ஏப்ரனை (சமையல் வேலைக்கு உடைமேல் கட்டும் துணியை) மடிப்பு மடிப்பாக மடித்துக்கொண்டிருந்தாள். ஜானைப் பார்க்க வேண்டும் என்றதும் சிரிப்பு மாதிரி ஒன்று. பார்க்க முடியாது. ஏன்? அவர் இறந்துவிட்டார். எப்படி இறந்தார்? கழுத்தில் கயிறு இறுகி இறந்தார். பக்கத்தில் படுத்திருந்தவளுக்குத் தெரியவில்லையா? நான் அசந்து தூங்குவேன்.

இதை மட்டும் வைத்துப் பார்த்தால் நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று தோன்றும். பலரும் இங்கேயே முடிவு கட்டிவிடுவார்கள். தொடக்க வாசகருக்கு நான் முதலில் சொல்வது, முதல் பத்தியில் முடிவெடுக்காதீர்கள் என்பதைத்தான். கதாபாத்திரம் வாயால் சொல்வது ஒரு சாட்சி மட்டுமே. அதில் பொய் இருக்கலாம், பயம் இருக்கலாம், சொல்லத் தெரியாத தவிப்பு இருக்கலாம். அந்தப் பேச்சைவிட, பேசும்போது ஏப்ரனை மடித்துக்கொண்டே இருந்த கைகள் எனக்கு அதிகம் சொல்கின்றன. அவ்வளவும் தீர்ந்துபோன ஒருத்தியின் கைகள் அவை.

அடுத்து, பிறர் சொல்வது. ஜான் ரைட் நல்ல மனுஷன் என்று ஊரில் பேச்சு. திருமதி ஹேல் அதை மறுக்கவில்லை. குடிக்கமாட்டார், சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார், கடனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆனால் கடினமான ஆள், அவரோடு நாலு வார்த்தை பேசினாலே குளிர்காற்று எலும்புவரை இறங்குவதுபோல இருக்கும் என்கிறாள். ஊருக்கு நல்லவர், வீட்டுக்குள் எப்படியோ. அடி, உதை என்று ஒரு வார்த்தைகூட நாடகத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். கொடுமை என்றால் அடிதான் என்று நினைத்துப் படிப்பவர் இந்தக் கதையில் எதையும் கண்டுபிடிக்க மாட்டார்.

பிறர் சொல்வதைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். சொல்பவருக்கும் ஒரு நோக்கம் இருக்கும். திருமதி ஹேல் ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டுப்பக்கம் போகவில்லை. போயிருக்கலாமே என்ற குற்றவுணர்ச்சி அவளை அரிக்கிறது. மின்னியைப் பற்றி அவள் சொல்வதெல்லாம் அந்த உறுத்தல் வழியாகத்தான் வருகிறது. அதனால் அது பொய் என்று ஆகிவிடாது. எங்கே நின்று பார்க்கிறாள் என்பது நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

பொருள்கள் பேசும் இடம்

இப்போது சமையலறைக்கு வருவோம். பாதி துடைத்த மேஜை. பெட்டிக்குள் வைக்காமல் வெளியே கிடக்கும் ரொட்டி. அடுப்பு அணைந்து குளிரில் வெடித்துப்போன பழ ஜாடிகள். வெயில் காலத்தில் அவள் பாடுபட்டுப் பதப்படுத்தி வைத்தவற்றில் ஒரு ஜாடி செர்ரி மட்டும் மிஞ்சியிருக்கிறது. கொலைக் குற்றத்தில் சிறைக்குப் போனவள் பழ ஜாடி வெடித்துவிடுமே என்று கவலைப்பட்டாள் என்று கேட்டதும் ஆண்கள் சிரிக்கிறார்கள். பெண்களுக்கு அற்ப விஷயங்களுக்குக் கவலைப்படுவதே வழக்கம் என்கிறார் ஹேல். வேலை செய்யும் கைகளுக்குத்தான் அந்த ஜாடிகள் எத்தனை நாள் உழைப்பு என்று தெரியும்.

அப்புறம் ஒட்டுத்துணிப் போர்வை. துண்டு துண்டாகத் துணியை இணைத்துத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் மின்னி. எல்லாத் தையலும் ஒரே சீர். ஒரே ஒரு துண்டில் மட்டும் நூல் கோணல்மாணலாக ஓடியிருக்கிறது. அன்றைக்கு அவள் மனம் என்ன பாடுபட்டது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. திருமதி ஹேல் ஒன்றும் பேசாமல் ஊசியை எடுத்து அந்தக் கோணல் தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்க ஆரம்பிக்கிறாள். பார்க்கச் சின்ன வேலை. சட்டப்படி பார்த்தால் அவள் அழிப்பது தடயத்தை. அவளுக்குத் தெரிந்துதான் செய்கிறாளா, கை தானாகப் போனதா? நாடகம் பதில் சொல்லாமல் விடுகிறது. அப்படி விடுவதால்தான் அந்த இடம் உயிரோடு இருக்கிறது.

பிறகு ஒரு பறவைக் கூண்டு கிடைக்கிறது. கதவின் கீல் பிய்ந்திருக்கிறது, யாரோ முரட்டுத்தனமாக இழுத்ததுபோல. தையல் பெட்டிக்குள் பட்டுத்துணியில் சுற்றி வைத்த கேனரி என்ற சின்னப் பாடும் பறவை, கழுத்து திருகப்பட்டு.

கோடரி ஏன் கயிறானது என்பது இப்போது புரிந்திருக்கும். வீட்டில் துப்பாக்கி இருந்தது. அதை விட்டுவிட்டு ஏன் கயிறு என்பதுதான் ஆண்களுக்கு விளங்காத புதிர். பறவையைப் பார்த்தவருக்கு அது விளங்கிவிடும். கழுத்துக்குக் கழுத்து. கொன்ற விதத்திலேயே கொன்ற காரணம் இருக்கிறது. "ஏன் செய்தான்" என்பதோடு நிறுத்தாமல், "வேறு வழி இருக்கும்போது ஏன் இந்த வழியில் செய்தான்" என்றும் கேட்டுப்பாருங்கள். நோக்கத்தைத் தேடும்போது இந்த இரண்டாவது கேள்வி பல நேரம் முதல் கேள்வியைவிட அதிகம் தரும்.

சரி, அப்படியானால் பறவைக்காகத்தான் கொன்றாளா? இல்லை என்றே நான் சொல்வேன். உடனடிக் காரணம் வேறு, நெடுநாள் காரணம் வேறு. கல்யாணத்துக்கு முன் மின்னி ஃபாஸ்டராக இருந்தபோது அவள் தேவாலயப் பாடகர் குழுவில் வெள்ளை உடையும் நீல ரிப்பனுமாக நின்று பாடியவள். அது முப்பது வருஷத்துக்கு முன்னால். பிறகு பள்ளத்தில், சாலைகூடக் கண்ணில் படாத ஒரு வீடு. குழந்தைகள் இல்லை. பேசாத கணவன். வந்து போகும் ஆள் இல்லை. அந்த வீட்டில் பாடிய ஒரே உயிர் அந்தக் கேனரி. பறவை செத்தது உடனடிக் காரணம். முப்பது வருஷ மௌனம் நெடுநாள் காரணம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் "பறவைக்காகப் புருஷனைக் கொன்றவள்" என்று அபத்தமாகத் தெரியும். இன்னொன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏன் அந்த ராத்திரி, ஏன் அதற்கு முந்தைய வருஷம் இல்லை என்பதற்குப் பதில் இருக்காது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஜான் பறவையைக் கொன்றதை யாரும் பார்க்கவில்லை. மின்னியும் சொல்லவில்லை. பிய்ந்த கீல், திருகிய கழுத்து, அந்த ஆளின் சுபாவம் ஆகியவற்றைச் சேர்த்து அந்தப் பெண்கள் ஊகிக்கிறார்கள், நாமும் ஊகிக்கிறோம். கதை சொன்னது எது, நான் ஊகித்தது எது என்று பிரித்து வைத்துக்கொள்வது முக்கியம். கட்டுரை எழுதும் மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். ஊகிக்கக் கூடாது என்பதில்லை, எந்தத் தடயத்திலிருந்து ஊகித்தோம் என்று கைகாட்ட முடிய வேண்டும்.

நம் கண்முன்னே மாறுகிறவள்

என்னைப் பொறுத்தவரை இந்த நாடகத்தின் மிகச் சிறந்த பாத்திரம் மின்னி கிடையாது, திருமதி ஹேலும் கிடையாது. ஷெரீஃபின் மனைவி திருமதி பீட்டர்ஸ்தான். ஆரம்பத்தில் அவள் கூச்ச சுபாவம், சட்டத்தின் பக்கம். ஆண்கள் தங்கள் கடமையைத்தானே செய்கிறார்கள் என்று சமாதானம் சொல்கிறாள், குற்றத்துக்குத் தண்டனை வேண்டும் என்கிறாள். பறவை கிடைத்த பிறகு அவளுக்குள்ளிருந்து இரண்டு நினைவுகள் எழுகின்றன. சின்ன வயதில் அவளுடைய பூனைக்குட்டியை ஒரு பையன் கைக்கோடரியால் அவள் கண்முன்னே கொன்றான். பிடித்து நிறுத்தியிருக்காவிட்டால் அவனை... என்று பாதியில் நிறுத்துகிறாள். இன்னொன்று, டகோட்டாவில் குடியேறித் தனித்திருந்த காலத்தில் அவளுடைய முதல் குழந்தை இரண்டு வயதில் இறந்தது. நிசப்தம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்கிறாள்.

பூனைக்குட்டி மின்னியின் கோபத்தை அவளுக்குப் புரியவைக்கிறது, குழந்தையின் சாவு மின்னியின் தனிமையைப் புரியவைக்கிறது. இவ்வளவுக்கும் பிறகும் சட்டம் தண்டிக்கத்தான் வேண்டும் என்றே அவள் வாய் சொல்கிறது. வாய் அந்தப் பக்கம், மனம் இந்தப் பக்கம். கடைசியில் ஆண்கள் படியிறங்கி வரும் சத்தம் கேட்டதும் பறவை இருந்த பெட்டியைத் தன் பைக்குள் திணிக்கப் பார்ப்பவள் அவள்தான். பெட்டி பெரிது, நுழையவில்லை. பறவையை வெளியே எடுக்கப் போகிறாள், தொட முடியவில்லை. திருமதி ஹேல் பறித்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொள்கிறாள். பேச்சும் செயலும் முரண்பட்டால் செயலை நம்புங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன்: அந்த முரண்பாட்டையே பாருங்கள். சட்டத்தையும் விட முடியாமல், அந்தப் பெண்ணையும் காட்டிக்கொடுக்க முடியாமல் தவிப்பதுதான் திருமதி பீட்டர்ஸ். அவளுடைய இரண்டு விருப்பங்களும் உண்மையானவை.

அயோவாவில் அன்று பெண்கள் ஜூரியில் உட்கார முடியாது. இவர்கள் இருவரும் அடுப்படியில் நின்றபடியே ஒரு தீர்ப்புக்கு வந்துவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு சரியா என்று நீங்கள் வாதாடலாம், வாதாடவும் வேண்டும். ஒருவரின் நோக்கத்தைப் புரிந்துகொள்வதால் அவர் செய்ததை நியாயப்படுத்தியதாக ஆகாது. மின்னியைப் புரிந்துகொண்ட பிறகும், தூங்கும் மனிதனைக் கொன்றது கொலைதான் என்று ஒருவர் சொல்லலாம். புரிந்துகொள்ளாமல் சொல்வதைவிட அந்தத் தீர்ப்புக்கு எடை அதிகம்.

நாடகம் ஒரு வழி, சிறுகதை ஒரு வழி

நாடகத்தில் மனதுக்குள் எட்டிப்பார்க்கும் வசதி பெரும்பாலும் இல்லை. வசனம், அசைவு, எங்கே நிற்கிறார்கள், எப்போது வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பதுதான் நமக்குக் கிடைப்பது. இந்த நாடகம் தொடங்கும்போதே ஆண்கள் நேராக அடுப்பருகே போகிறார்கள், பெண்கள் கதவருகே ஒட்டி நிற்கிறார்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் இந்த மேடைக் குறிப்புகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அவையும் வசனம் அளவுக்குப் பேசும்.

சிறுகதை வடிவத்தில் கிளாஸ்பெல் நம்மைத் திருமதி ஹேலின் மனதுக்குள் உட்காரவைக்கிறார். அழைப்பு வந்தபோது அவள் தன் வீட்டில் ரொட்டிக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். பாதி சலித்தது, பாதி சலிக்காதது. அப்படியே போட்டுவிட்டு வரவேண்டியிருந்தது, அது அவளுக்குப் பிடிக்கவில்லை. பிறகு மின்னியின் சமையலறையில் பாதியில் விட்ட வேலையைப் பார்த்ததும் சட்டென்று பொறி தட்டுகிறது: இவளை எது பாதியில் நிறுத்தியது? தன் அனுபவத்தை வைத்துத்தான் அவள் இன்னொருத்தியைப் படிக்கிறாள். வழக்கறிஞருக்குப் புத்தி குறைவு என்பதில்லை. இப்படிப் படிப்பதற்கான அனுபவம் அவரிடம் இல்லை, அது தேவை என்ற எண்ணமும் இல்லை.

எல்லாச் சிறுகதையும் இப்படி ஒளித்துவைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். நம் புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' இரண்டு மூன்று பக்கம்தான். அதில் மில்லில் வேலை செய்யும் அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் குதிரைவண்டிக்காரக் கணவனுக்குப் பால் கஞ்சி வார்ப்பதற்காக இருட்டுச் சந்தில் ஒருவனோடு ஒதுங்குகிறாள். ஏன் செய்தாள் என்பதைக் கதைசொல்லியே உரக்கச் சொல்லிவிடுகிறார். நோக்கத்தில் புதிரே இல்லை. கேள்வி வாசகர் பக்கம் திரும்புகிறது: இதைத் தெரிந்துகொண்ட பிறகு கற்பு என்று நீ பேசிவந்ததை என்ன செய்யப்போகிறாய்? இங்கே அம்மாளுவின் மனதைத் துருவிக்கொண்டிருந்தால் கதையைத் தவறவிடுவோம்.

இதற்கு நேர் எதிர் ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தில் தன் தளபதி ஒதெல்லோவைச் சூழ்ச்சியால் அழிக்கும் இயாகோ. பதவி தனக்குக் கிடைக்காமல் காசியோ என்ற இன்னொருவனுக்குப் போனது என்கிறான், தன் மனைவியோடு ஒதெல்லோவுக்குத் தொடர்பு என்று சந்தேகிக்கிறேன் என்கிறான். காரணங்களுக்குக் குறைவில்லை, ஆனால் எதுவும் அவன் செய்த நாசத்தின் அளவுக்கு ஈடாகவில்லை. கடைசியில் ஏன் என்று கேட்கும்போது இனி ஒரு வார்த்தையும் பேசமாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான். நோக்கம் முழுதாகக் கிடைக்காத பாத்திரங்களும் உண்டு. அவற்றுக்கு நாமாக ஒரு காரணத்தை ஒட்டவைக்க வேண்டியதில்லை. அதேபோல, இன்றைய மனநோய்ப் பெயர் ஒன்றைப் பாத்திரத்தின் நெற்றியில் ஒட்டுவதையும் நான் விரும்புவதில்லை. பெயர் கிடைத்தவுடன் தேடல் நின்றுவிடுகிறது.

தொடங்க நினைப்பவருக்கு ஒரு யோசனை. கிளாஸ்பெலின் நாடகத்தை முதலில் படியுங்கள், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஆங்கில மூலம் காப்புரிமை தீர்ந்தது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஒரு நாள் விட்டு அதே கதையைச் சிறுகதை வடிவில் படியுங்கள். திருமதி ஹேல் மனதுக்குள் நினைப்பதாகச் சிறுகதை சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அந்த நினைப்பு நாடகத்தில் எந்த வசனமாக, எந்தக் கை அசைவாக, எந்த மௌனமாக வந்திருந்தது என்று திரும்பிப்போய்த் தேடுங்கள்.